பதினெட்டாவது விதை

எங்கள் சபையை ஊரில் யாரும் அதன் பெயரால் அழைத்ததில்லை. யூனிடேரியன் என்ற சொல் திருவண்ணாமலை நாக்குக்கு ஒத்துவரவில்லை. ரிக்‌ஷாக்காரரிடம் "சிலுவை இல்லாத சர்ச்" என்றால் போதும், தேரடி வீதியிலிருந்து பிரியும் சந்தில் சைக்கிள் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அந்தக் கடைக்கு மேலே இருந்த மாடிதான் எங்கள் கோயில். கடவுள் ஒருவரே, ஏசு அவரை நன்றாக அறிந்த மனிதர், அப்படி அறிந்தவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. இவ்வளவுதான் எங்கள் கொள்கை. என்னோடு படித்த கிறிஸ்தவப் பெண்கள் நான் கிறிஸ்தவள் இல்லை என்றார்கள். இந்துப் பெண்கள் நான் கிறிஸ்தவள்தான் என்றார்கள். இரு தரப்பிடமும் தலையாட்டி வைப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். சபையில் பெரியவர்கள், போதகர் ஐயாவையும் சேர்த்து, பதினெட்டுப் பேர். அதில் பாதி எங்கள் உறவு. கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கடலைப் பயிர் வைத்திருந்த பெரியப்பா, பெரியம்மாவோடும் வளர்ந்த மகனான அண்ணனோடும் ஞாயிறு தவறாமல் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். பெரியம்மா ஆர்மோனியம் வாசிப்பார். பைபிளிலிருந்து ஒரு பகுதி, குறளிலிருந்து ஒன்று, சில வாரம் குரானிலிருந்தோ கீதையிலிருந்தோ ஒன்று வாசிக்கப்படும். பிறகு எல்லோரும் பாயில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடுவோம். சித்ரா பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்காக அடி அண்ணாமலைப் பக்கம் பந்தல் போட்டு நீர்மோர் கொடுப்போம். மோர் குடித்தவர்கள் "எந்த மடத்துக்காரங்க?" என்று கேட்பார்கள். அப்பா விளக்க ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் அவர்கள் அரை மைல் போயிருப்பார்கள்.

ஐயாவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. நாங்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்வார், தெரியாவிட்டால் "எனக்குத் தெரியலியே பாப்பா" என்பார். பெரியவர்களுக்கும் தெரியாத விஷயம் உண்டு என்பதை நான் அவரிடம்தான் முதலில் பார்த்தேன். அதனாலேயே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவர் மனைவி எட்டு மாதம் படுக்கையில் இருந்து இறந்துபோனார். அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் முடிந்ததும் ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினோம். வெகுநேரம் சத்தமே இல்லை. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஐயா கண்ணை மூடவே இல்லை.

"மன்னிக்கணும். எனக்கு ஜெபம் வரல. ரெண்டு மாசமாவே வரல. வர்ற மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே நடிக்க முடியாது, அதான் சொல்லிட்டேன்" என்றார்.

அன்றைக்கு உப்புமா அப்படியே ஆறிப்போனது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு நேரம் எனக்குப் பயமாக இருந்தது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாமல் பேசுவதுதான் இன்னும் பயமாக இருக்கும். "ஜெபம் பண்ணாதவரு நமக்கு எப்படிப் போதகரா இருப்பாரு? வேற ஆளப் பாக்கவேண்டியதுதான்" என்பார்.

"நடிச்சுக்கிட்டே இருந்திருந்தா உங்களுக்குச் சரியா இருந்திருக்குமா? உண்மையச் சொன்ன ஒரே மனுஷன் அவருதாங்க. எனக்கு அவரு மேல மரியாத ஜாஸ்திதான் ஆயிருக்கு" என்பார் அம்மா. பிறகு சோறு மட்டும் பரிமாறப்படும்.

அப்பா சொல்வது யார் மூலமோ காதுக்கு எட்டி, அடுத்த ஞாயிறு பெரியப்பா படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தார். "இன்னாடா பேசற நீ? பொண்டாட்டி செத்து மூணு மாசம்கூட முழுசா ஆவல. அந்த ஆள வெளிய போன்னு சொல்றியா? அவர அனுப்புனா நாங்க மூணு பேரும் இந்தப் படி ஏற மாட்டோம். உன் வூட்டுப் படியும் ஏற மாட்டோம்."

"அண்ணா, இது சபை விஷயம்" என்றார் அப்பா.

"எல்லாம் ஒரே விஷயந்தான்" என்றார் பெரியப்பா.

பெரியப்பா வீடு இல்லாத கோடை விடுமுறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பள்ளியில் கணக்குப் போடும்போதுகூட அதே நினைப்புதான்.

எங்கள் சபையில் எந்த முடிவையும் விதை போட்டுத்தான் எடுப்போம். பெஞ்சு வேண்டுமா, பாய் போதுமா என்பதற்குக்கூட விதை போட்டு, பாய் ஜெயித்திருக்கிறது. பின்பக்கத்து சின்ன அறையில் வாய் குறுகிய ஒரு மண்பானை இருக்கும். பக்கத்தில் இரண்டு தட்டு, ஒன்றில் வெள்ளை மொச்சை, இன்னொன்றில் புளியங்கொட்டை. சரி என்பவர்கள் மொச்சை, வேண்டாம் என்பவர்கள் புளியங்கொட்டை. ஒவ்வொருவராக உள்ளே போய் ஒன்றே ஒன்று போட்டுவிட்டு வரவேண்டும். யார் எதைப் போட்டார்கள் என்று கேட்கக்கூடாது.

ஐயா நீடிக்கலாமா என்று விதை போட ஒரு ஞாயிறு குறித்தார்கள். தன் விஷயத்தில் தான் போடுவது முறையல்ல என்று சொல்லிவிட்டு ஐயா மாடிப்படிக்கு வந்து, பிள்ளைகளான எங்களோடு உட்கார்ந்துகொண்டார். மற்றப் பிள்ளைகள் கீழே சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் படியிலேயே இருந்தேன். கதவு வழியாக ஒவ்வொருவராக உள்ளே போய்வருவது தெரிந்தது. அம்மா போனார். அப்பா போனார். பெரியப்பாவும் பெரியம்மாவும் அண்ணனும் அடுத்தடுத்துப் போனார்கள்.

எல்லோரும் போட்டு முடித்து, எண்ணுவதற்குப் பாயை விரித்துக்கொண்டிருந்தார்கள். "என் ரிப்பன் உள்ள இருக்கு" என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன். ரிப்பன் என் தலையில்தான் இருந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. சின்ன அறைக்குள் போனேன். மொச்சைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். பானைக்குள் அது விழுந்த சத்தம் மலைவரைக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது ஐயா கதவருகே நின்று கொண்டிருந்தார். என் தலையைப் பார்த்தார். ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.

அப்பாவும் பெரியப்பாவும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து எண்ணினார்கள். மொச்சை ஒன்பது. புளியங்கொட்டை ஒன்பது.

"சமம்!" என்று பெரியம்மா கையைத் தட்டினார்.

அப்பா மட்டும் விதைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பதினேழு பேருக்கு எப்படிச் சமமா வரும்?" என்றார்.

மறுபடியும் எண்ணினார்கள். பதினெட்டு. யாரோ பானையைத் தலைகீழாக உதறிப் பார்த்தார். பானைக்குள் இருந்து இன்னொரு மனிதர் விழுந்துவிடுவாரோ என்பதுபோல எல்லோரும் அதையே பார்த்தோம்.

"ரெண்டு போட்டது யாரு?" என்றார் அப்பா.

பின்னாலிருந்து ஒரு குரல், "கீழ்பென்னாத்தூர்க்காரங்க மூணு பேரும் வரிசையாப் போனாங்க" என்றது. பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. தோளில் இருந்த துண்டை உதறினார். "திருட்டுப்பய பட்டம் வாங்கத்தான் முப்பது வருஷமா பஸ் ஏறி வந்தனா? எழுந்திருங்க எல்லாம், போலாம்" என்றார். பெரியம்மா அழுதுகொண்டே ஆர்மோனியத்தை மூடினார். அப்பா அவர்களைத் தடுக்கவில்லை. அவர் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது சந்தேகம்தான் என்று எனக்கே தெரிந்தது. அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்பாவின் பிரம்பு நினைவுக்கு வந்தது. பாவாடையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு, இந்த மாடி இடிந்து சைக்கிள் கடைமேல் விழுந்தால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டேன்.

"யாரும் போகவேணாம்" என்றார் ஐயா. கதவருகிலிருந்து பாய்க்கு நடந்துவந்தார். "அந்த விதை என்னோடது. போட மாட்டேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, நீங்க பாய் விரிக்கறப்போ உள்ள போய்ப் போட்டேன்."

"ஐயா, நீங்களா?" என்றார் அப்பா.

"நாந்தாங்க சார். போதகர் வேலைய விட மனசு வரல. தப்புதான். நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்."

பெரியப்பா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உங்களுக்காக என் தம்பியோட மல்லுக்கு நின்னேனே ஐயா" என்றார். அப்பா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணா, வாங்க, சாப்பிடலாம்" என்றார்.

அன்றைக்கு எல்லோரும் உப்புமா சாப்பிட்டார்கள். நான் மட்டும் தட்டைத் தொடவில்லை. இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே தனக்குத்தானே பேசிக்கொண்டார். "யாரு செஞ்சிருந்தாலும் எனக்கு இவ்ளோ வலிக்காது. அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு அத்தினி பேருகிட்டயும் நான்தான் சொன்னேன்." நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். ஒரே ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் அப்பா பிரம்பை எடுப்பார் என்பது மட்டும்தான் அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வார்த்தையை அம்மாவிடம் சொல்ல எனக்கு இருபது வருஷம் பிடித்தது. அதற்குள் ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாதக் கடைசியில் ஐயா வேலூரில் இருந்த தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். சபை முழுக்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தது, அம்மாவைத் தவிர. ஐயாவுக்கு ஆதரவாக விதை போட்டவர்களில் மற்ற ஏழு பேரும், எதிராகப் போட்ட ஒன்பது பேரும் ஒன்றாக நின்றார்கள். யார் எந்தப் பக்கம் என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் அவர் மேல் ஒரேமாதிரி வருத்தம் இருந்தது. அப்பா டிரங்குப் பெட்டியை பஸ் மேலே ஏற்றினார், பெரியப்பா கீழிருந்து தூக்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் மழை கம்மியாகிவிட்டதைப் பற்றியும் மணிலா விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலோர இருக்கையில் ஐயாவின் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் ஏறி வந்தபோது பஸ்ஸில் எங்களைக் கவனிக்க யாரும் இல்லை. "ஐயா, அந்த விதை..." என்று ஆரம்பித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியும் பாப்பா. அழக்கூடாது, வெளிய நிக்கறவங்க பாப்பாங்க" என்றார். "நீ யார்கிட்டயும் சொல்லவேணாம். அது முடிஞ்சுபோச்சு."

அடி விழாது என்று அந்த நிமிஷம்தான் உறுதியாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சிரித்தும்விட்டேன் என்று நினைக்கிறேன்.

"அம்மா வரலியா?" என்று கேட்டார்.

"தலைவலியாம்" என்றேன். வீட்டில் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"அப்படியா" என்றார்.

நான் இறங்கி அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டேன். கண்டக்டர் விசில் கொடுத்ததும் எல்லோரும் கையசைத்தோம். நான்தான் உற்சாகமாக, குதித்துக் குதித்துக் கையசைத்தேன். ஐயாவும் கையை உயர்த்தினார். ஆனால் அவர் பார்வை எங்கள் மேல் இல்லை. பஸ் நகர்ந்து திரும்பும்வரை எங்கள் தலைகளுக்கு மேலாக, ஆட்கள் உள்ளே வரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலூருக்கு அந்தப் பக்கமாகத்தான் போகவேண்டும்போல, வழி பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.