ஸ்டோரை நிறுத்திய விரல்

காலை ஏழு பத்துக்குள் சுதர்ஷினி பதினான்கு மூக்குகளைத் துடைத்து முடித்திருப்பார். பதினைந்தாவது மூக்கு அவருடையது. பெரகல வீதியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து இறங்கும் குளிரில் அதுவும் ஒழுகத்தான் செய்யும். கவனிக்க நேரம் கிடைப்பதில்லை. பெரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்ப் பதிவுக்கு, ஓடும் தாய்மார் ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் பையையும் நீட்டுவார்கள். அவர் முதலில் வாங்குவது பிள்ளையைத்தான். "பைய கீழ போட்டா அது அழுவாது" என்பார்.

கதவுக்கு மேலே உள்ள பலகை 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று மூன்று மொழிகளில் சொல்கிறது. தோட்டமோ ஒரே மொழியில் பிள்ளைக் காம்பரா என்கிறது. சுதர்ஷினிக்கும் நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒரு பிள்ளை கீழே விழுந்துவிடும் என்பதால் எல்லோரும் டீச்சர் என்று அழைக்கிறார்கள். வயது முப்பத்தொன்று. குரல் சிறியது, சிரிப்பு பெரியது.

டீச்சருக்கு ஒரு வியாதி உண்டென்று லயங்களின் வரிசை வீடுகளில் பேச்சு. காரணம் பிடிக்கிற வியாதி. "இன்னைக்கு நீங்க குடை கொண்டாந்தீங்க, அதான் மழை வரல" என்று ஒரு தாய் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். "குடைக்கும் மழைக்கும் என்னங்க சம்பந்தம்? காத்து திரும்பிருச்சு, அதான் வரல" என்று பையை வாங்காமலேயே பாடம் தொடங்கிவிடும். காம்பராவில் பால் காய்ச்சிக் கூட்டிப் பெருக்கும் பெரியாயிக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "பல்லி கத்துனாக்கூட இந்தப் புள்ள அதுக்கு வயித்து வலியான்னு கேக்கும்" என்பாள்.

ஆனால் தன்னுடைய கைத்தொலைபேசிக்குக் கவரேஜ் வேண்டுமென்றால் கொய்யா மரத்தடிப் படிகளில் மூன்றாவதில், இடது முழங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதில் சுதர்ஷினிக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வலது முழங்கையைத் தூக்கிப் பார்த்ததுண்டா என்று கேட்டால் முகம் சிவக்கிறது. "அது விஞ்ஞானங்க. நாலு வருசமா செஞ்சு பாத்தது."

அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. மாதாந்த நிறை, உயரம் எழுதக் கொடுத்த கொப்பிதான். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் வேறு கணக்கு. 'கிரிஷாந்தன், ஒரு வயது நான்கு மாதம். கரண்டியைக் கீழே போட்டால் டீச்சர் எடுத்துத் தருவார் என்று கண்டுபிடித்தான். பதினேழு தடவை சோதித்தான். பதினேழு தடவையும் எடுத்துக் கொடுத்தேன். யார் யாரைப் பழக்குவது என்று தெரியவில்லை.' அடுத்த பக்கத்தில் நிஷாந்த், இரண்டரை வயது. கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மா காலில் கடித்த அட்டைக்குச் சோப்புத் தேய்ப்பதையும் அட்டை சுருண்டு விழுவதையும் பார்த்திருக்கிறான். மறுநாள், அம்மாவின் இடுப்பை விட்டு இறங்க மறுத்த தம்பிக்கு முதுகு முழுவதும் சோப்புத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தான். 'முடிவு: விழவில்லை. நிஷாந்துக்குக் கடும் ஏமாற்றம்.'

இப்படிப்பட்டவர்தான் சென்ற மாதம் ஒன்பதாம் திகதி அந்தத் தவறைச் செய்தார்.

காம்பராவில் ஒரு முறை உண்டு. மூடுபனி விலகி வெளிச்சம் வந்ததும் மின்விளக்கை அணைப்பது பிள்ளைகளின் வேலை. நாளுக்கு ஒருவர், வாங்கின், அதாவது பெஞ்சின், மேல் ஏறி நின்று அழுத்த வேண்டும். அன்றைய முறை துவாரகாவுடையது. மூன்று வயது இரண்டு மாதம். அம்மா லீலா கொழுந்தெடுக்கிறாள். அப்பா ரமேஸுக்குப் பள்ளத்தில் இருக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். கொழுந்தை வாட்டும் பெரிய காற்றாடிகள் அங்கே ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். பிறந்த நாளிலிருந்து கேட்பதால் அது ஒரு சத்தம் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது.

துவாரகா வாங்கின் மேல் ஏறினாள். ஒரு விரலை நீட்டினாள். அழுத்தினாள்.

விளக்கு அணைந்தது. அதே நொடியில் மூலையில் பாடிய வானொலி நின்றது. பள்ளத்தில் ஸ்டோரும் நின்றது. மலை முழுவதும் வாயை மூடிக்கொண்டது. எங்கோ ஒரு சேவல் கூவியது மட்டும் பக்கத்திலேயே கூவியதுபோல் கேட்டது.

"அடியாத்தி!" என்றார் சுதர்ஷினி. "ஸ்டோரையே நிப்பாட்டிட்டியே துவாரகா!"

சொல்லிவிட்டு அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தார். பெரியாயியும் சேர்ந்துகொண்டாள்: "போச்சு, உங்கப்பனுக்கு இன்னைக்கு வேல இல்ல." ஸ்டோரில் ரமேஸ் ஜெனரேட்டரை முடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு பிள்ளை தன்மேல் தீர்ப்பு எழுதிக்கொள்ளப் பத்து நிமிடம் தாராளம். மாலையில் செய்தி ரமேஸின் காதுக்குப் போனது. அவன் பங்குக்கு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு லயம் நெடுக அறிவித்தான்: "எல்லாரும் பாத்துக்கங்க, ஸ்டோருக்குப் புது தொரசாணி வந்தாச்சு! நாளைக்கும் நிப்பாட்டு தாயி, அப்பா கொஞ்சம் தூங்கணும்."

மறுநாள் துவாரகா இரண்டு கைகளையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டு வந்தாள். குளிருக்காக என்று நினைத்தார்கள். வெயில் ஏறிய பிறகும் கைகள் வெளியே வரவில்லை. களிமண்ணைத் தொடவில்லை. தண்ணீர்க் குழாயைத் தொடவில்லை. திரிபோஷ சத்துமா உருண்டையைத் தட்டில் வைத்தால் வாயை மட்டும் திறந்தாள். கிரிஷாந்தன் வழக்கம்போலக் கரண்டியைப் போட்டபோது, அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

நான்காம் நாள் லீலா கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்றாள்.

"வீட்டுலயும் இதே கததான் டீச்சர். சட்ட மாட்டுறது, சோறு ஊட்டுறது எல்லாம் நாந்தான். தை மாசம் நேர்சரிக்கு அனுப்பணும். கைய நீட்டாத புள்ளைய எவங்க சேப்பாங்க? யாரோ எதையோ சொல்லியிருக்காங்க என் புள்ளைய."

யாரோ என்பது யார் என்று சுதர்ஷினிக்குத் தெரியும். லீலாவுக்கும் தெரியும். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மலையேறியதுதான் தாங்க முடியவில்லை.

முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தார். துவாரகாவை மடியில் வைத்துக்கொண்டு, "கரண்ட் நின்னது உன்னால இல்லடா தங்கம். கொஸ்லந்த ரோட்டுல ஒரு மரம் ஒடைஞ்சு கம்பியில விழுந்துருச்சு. அதான் நின்னுச்சு" என்றார்.

துவாரகா கைகளை அக்குளுக்குள் இன்னும் ஆழமாகச் சொருகிக்கொண்டாள்.

"மரத்தையுமா?" என்றாள்.

விளக்கம் அத்தோடு முடிந்தது. அடுத்த நாள் செய்முறை. சுதர்ஷினியே வாங்கின் பக்கத்தில் நின்று விளக்கைப் பத்துத் தடவை போட்டு அணைத்தார். "கேளு, ஸ்டோர் சத்தம் கேக்குதா? நின்னுச்சா?" கேட்டது, நிற்கவில்லை. துவாரகா தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள். "அது ஒங்க கை டீச்சர்" என்றாள். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. கொப்பியில் எழுதக்கூட மனம் வரவில்லை.

பெரகல சந்தியில் புஹாரியின் கடைச் சுவரில் அந்த அறிவித்தலைப் பார்த்தபோது சுதர்ஷினி கையிலிருந்த பருப்புக் காகிதச் சரையைக் கீழே வைத்துவிட்டார். பதினெட்டாம் திகதி, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, கம்பி வேலைக்காக மின்தடை. இரண்டு தடவை வாசித்தார்.

"கரண்ட் நிக்கப் போகுதுன்னு சந்தோசப்படுற ஒரே ஆள் நீங்கதான் டீச்சர்" என்றார் புஹாரி.

திட்டம் எளிமையானது. யாரும் எதையும் தொடாதிருக்கும்போது கரண்ட் நிற்க வேண்டும். அதைத் துவாரகா பார்க்க வேண்டும். பதினெட்டாம் திகதி காலை எட்டு ஐம்பத்தைந்துக்கு எல்லாப் பிள்ளைகளும் பாய்களில் வட்டமாக உட்கார்ந்தார்கள், இரண்டு கைகளும் தலையில். கிரிஷாந்தன் நல்லவேளையாகத் தூங்கிக்கொண்டிருந்தான். துவாரகாவின் கைகள் மட்டும் வழக்கமான இடத்தில், அக்குளில்.

"நானுமா?" என்றாள் பெரியாயி.

"நீங்களும்."

"அடுப்புல பாலு பொங்குனா?"

"பொங்கட்டும்."

ஒன்பதாயிற்று. வானொலி பாடிக்கொண்டேயிருந்தது. ஒன்பது பத்துக்கு நிஷாந்துக்குக் காது அரித்தது. பக்கத்திலிருந்தவனின் முழங்கையில் தேய்த்துக்கொண்டான். ஒன்பது இருபதுக்குப் பால் பொங்கியது. யாரும் அசையவில்லை. பெரியாயி மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்பது இருபத்தைந்துக்கு வாசலில் நிழல் விழுந்தது. பதுளையிலிருந்து ஜெயலெட்சுமி மிஸ். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் மேற்பார்வைக்கு வருபவர். மூக்குக் கண்ணாடி, தோல்பை, படிவங்கள் அடுக்கிய கோவை. காம்பரா நிறையத் தலையில் கைவைத்த பிள்ளைகள். நடுவில் தலையில் கைவைத்த உத்தியோகத்தர். பால் தீய்ந்த வாடை.

"என்ன சுதர்ஷினி இது? தண்டனையா?"

"இல்ல மிஸ். கரண்ட் நிக்கிறதுக்காகக் காத்துக்கிட்டிருக்கோம்."

கையை இறக்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். தான் சிரித்ததையும் விடவில்லை. ஜெயலெட்சுமி கோவையைத் திறந்தார். 'பிள்ளை தானாக உண்கிறதா' என்ற கேள்விக்கு நேரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இல்லை என்று குறித்தால் துவாரகாவைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்; ஏன் என்ற கேள்விகள் காம்பராவுக்கு வரும். அவர் அக்குளில் கைவைத்த பிள்ளையைப் பார்த்தார். பேனாவை மூடினார். ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்குன்னு போட்டிருந்துச்சு?"

"ஒம்பதுக்கு மிஸ்."

"அப்ப பத்தாகும்."

ஒன்பது நாற்பத்தெட்டுக்கு வானொலி பாட்டின் நடுவில் அறுந்தது. விளக்கு அணைந்தது. பள்ளத்தில் ஸ்டோர் மெல்லத் தணிந்து ஓய்ந்தது. சேவல் கூவியது.

துவாரகா எழுந்து நின்றாள். ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நிஷாந்த், கை தலையில். பெரியாயி, கை தலையில். டீச்சர், கை தலையில். சுதர்ஷினியின் கண்களில் நீர் கோத்தது. ஒன்பது நாள் பாரம் இறங்கப் போகிறது. அப்போது துவாரகாவின் பார்வை ஜெயலெட்சுமி மிஸ்ஸிடம் வந்து நின்றது. மிஸ்ஸின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கியிருந்தது. வலது கையின் ஒரு விரல் அதை மேலே தள்ளிய நிலையில் இன்னும் அங்கேயே இருந்தது.

"இந்த மிஸ்தான்!" என்றாள் துவாரகா. "கண்ணாடிய தொட்டாங்க!"

பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லடா தங்கம்," என்று தொடங்கினார் சுதர்ஷினி, "மிஸ் கண்ணாடிய தொட்டதுக்கும் கரண்டுக்கும்..."

ஜெயலெட்சுமி அந்தக் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்தார். கணக்குப் பதிவேட்டில் பிழை கண்டுபிடித்தால் பார்க்கும் பார்வை. சுதர்ஷினியின் வாய் திறந்தபடி நின்றது, பிறகு மூடிக்கொண்டது.

"ஆமாம்மா" என்றார் ஜெயலெட்சுமி. "நான்தான். தெரியாமத் தொட்டுட்டேன். இப்ப என்ன செய்றது?"

துவாரகாவின் அக்குளிலிருந்து ஒரு கை வந்தது, பிறகு மற்றது. பாய்களைத் தாண்டி நடந்து போய், மிஸ்ஸின் விரலைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, மூக்கிலிருந்து இறக்கி, அந்தப் பெரிய கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அவர் மடியில் வைத்து, மறுபடி எழுந்துவிடாதபடி மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க," என்றாள். "எங்கப்பா திருப்பிப் போட்டுருவாரு."

அடுத்த மேற்பார்வை வரும் மாதம் இருபத்தாறாம் திகதி. இந்தத் தடவை ஜெயலெட்சுமி மிஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்றும் காலை ஒன்பதிலிருந்து மின்தடை; பார்த்துத்தான் திகதி குறித்தாராம்.