பன்னிரண்டாவது கல்லும் வக்கீல் ஆபீஸ் ஸ்டூலும்

பூந்தமல்லி கோர்ட்டில் எங்கள் வக்கீலுடைய படத்தை மாட்டிய அன்று ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் அவர் ஜெயித்த வழக்குகளையே சொன்னார்கள். ஏரிப் பாசன வழக்கு, கோவில் நில வழக்கு, ஒரு வேலிக்காக அண்ணனும் தம்பியும் தலை நரைக்கும்வரை நடத்திய வழக்கு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு சின்ன வருத்தம். அவர் கோர்ட்டுக்கே கொண்டுபோகாமல் முடித்து வைத்த வழக்குகளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் பெயர் அடிபட்டிருக்கும். ஆகவே வருத்தத்தோடு கூடவே நிம்மதியும் இருந்தது. என் யோக்கியதை அவ்வளவுதான்.

அவருடைய அப்பா அதே கோர்ட் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவர். மகன் சட்டம் படித்து, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, அந்த மரத்தைத் தாண்டி உள்ளே போனார். அதற்கு மேல் எங்கும் போகவில்லை. ஹைகோர்ட்டுக்குப் போகச் சொன்னவர்களிடம், "அங்கே காகிதத்தைத்தான் பார்க்கலாம். எதிர்க்கட்சிக்காரன் மூஞ்சியைப் பார்க்க முடியாது" என்றாராம். கரையான்சாவடியில் சைக்கிள் கடைக்கும் சோடா கடைக்கும் நடுவில் ஒரு வாடகை வீடு. அதன் முன்னறைதான் ஆபீஸ். கோட்டின் நடுப் பித்தான் எந்தக் காலத்தில் விழுந்ததோ, யாருக்கும் நினைவில்லை. முன்சீப்புகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பித்தான் இல்லாத கோட்டு மட்டும் மாறவில்லை.

அந்த ஆபீஸில் வருகிறவர்களுக்கு இரண்டு இருக்கைகள். கை வைத்த நாற்காலி ஒன்று, கட்சிக்காரருக்கு. அதன் எதிரே ஒரு மர ஸ்டூல். கட்சிக்காரர் நாற்காலியில் சாய்ந்து தன் கதையை முழுக்கச் சொல்லலாம். அழலாம், எதிரியைத் திட்டலாம், சோடா குடிக்கலாம். எல்லாம் முடிந்தபிறகு வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, இப்போ அந்த ஸ்டூலுக்கு வாங்க. அவர் கேஸைச் சொல்லுங்க" என்பார். எதிரியாகவே மாறி, 'நான்' என்றுதான் பேச வேண்டும். 'அவன் என்ன சொல்றான்னா' என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். எதிரியின் கட்சியைத் தெளிவாகச் சொல்ல முடியாதவனுக்கு அவர் வக்காலத்து போட்டதில்லை. ஸ்டூலில் பாதி பேசியவுடன் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் ஊட்ல கலந்துகினு வரேன் சார்" என்று எழுந்து போனவர்கள் திரும்பி வந்ததில்லை. சர்க்கார் வக்கீல் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். "சர்க்காரை எப்படிங்க ஸ்டூல்ல உட்கார வைக்கறது?" என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இனி என் அவமானத்துக்கு வருகிறேன்.

அறுபதுகளின் கடைசி. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு ஸ்டோர்ஸ் கிளார்க் உத்தியோகம். எண்ணுவதுதான் வேலை. போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன். ஒரு நட்டு குறைந்தாலும் ஆளை நிறுத்திவைத்து மறுபடி எண்ணச் சொல்லும் கண்டிப்புக்காரன் என்று பெயர். ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். சொந்த வீடு என்ற ஆசையில் திருநின்றவூர் ஏரிப் பக்கம் ஒரு மனை வாங்கினேன். புது மனைப்பிரிவு. மனைகளுக்கு நம்பர் பிளானில் மட்டும்தான் இருந்தது. தரையில் மனைக்கு ஒரு கல். தெருமுனையிலிருந்து கல்லை எண்ணிக்கொண்டு போக வேண்டும். பன்னிரண்டாவது கல்லில் என் மனை ஆரம்பம்.

மனைப்பிரிவு போட்டவர் சிக்கனக்காரர். எல்லைக்கல் வாங்காமல் பலகைக் கல்லை உடைத்து நட்டிருந்தார். பதிவு முடிந்த கையோடு மனையைப் பார்க்கப் போனபோது, தெருவின் ஆரம்பத்தில் ஒரு கல் பிடுங்கிக்கொண்டு குப்புறக் கிடந்தது. தட்டையாக, வழவழப்பாக, துணி துவைப்பதற்கென்றே செய்த மாதிரி. ஊழியர் குடியிருப்பில் துவைக்கிற கல்லுக்கு அப்போது அடிதடி. அதைத் தூக்கி சைக்கிள் கேரியரில் கட்டி, மூச்சு வாங்க மிதித்து, என் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்யாணமான பிறகு நான் அவளுக்குக் கொடுத்த பொருள்களில் உபயோகமானது அதுதான் என்று அவளே சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து மேஸ்திரியை அழைத்துப்போய் நானே கற்களை எண்ணினேன். பன்னிரண்டாவது கல் வந்தது. "இங்கேதான்" என்று காலை ஊன்றினேன். நல்ல மேடான இடம். பக்கத்து மனை பள்ளம். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். எவனோ பாவம், ஏமாந்திருக்கிறான் என்று இரக்கப்பட்டேன். இரக்கப்பட்டுக்கொண்டே உடைந்த செங்கல்லையும் சாந்துக் கழிவையும் அந்தப் பள்ளத்தில்தான் கொட்டினேன்.

கிணறு வெட்டினோம், நல்ல தண்ணீர். தளம் போட்டாயிற்று. கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்துக் குடியிருப்பு முழுக்கக் கொடுத்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோளில் கடப்பாரையும் சைக்கிளில் வேலி முள்ளுமாக ஒருவர் வந்து நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"யார் ஊடு சார் இது?"

"என் வீடுதான்" என்றேன், பெருமையாக.

"ஷோக்கா கீது. மனை யாருது?"

"என்னுடையதுதான். பன்னிரண்டாம் நம்பர்."

"பன்னெண்டு தோ, பள்ளமா கீதே, அது. இது பதிமூணு. என்னுது. இன்னா சார், என் மனையில ஊடு கட்டிகினு கீற?"

நான் ஒரு நட்டுகூடக் குறையவிடாத ஸ்டோர்ஸ் கிளார்க், என் எண்ணிக்கை தப்பாது என்று சொல்லிப் பத்திரிகையை எடுத்துக் காட்டினேன். என் கையில் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். அவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவர். செம்பரம்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழைத்த குடும்பம். தன் பெயரில் மண் வாங்கிய முதல் ஆள் அவர்தானாம். டேப்பை எடுத்துத் தெருமுனையிலிருந்து அளந்துகொண்டே வந்தார். நாலாவது கல் இருக்க வேண்டிய இடத்தில் நின்றார். அங்கே ஒரு குழிதான் இருந்தது.

"எவனோ பேமானி கல்லைத் தூக்கினு பூட்டான் சார். அதான் உனுக்கு எண்ணிக்கை உதைச்சிகிச்சி."

"எவ்வளவு கேவலமான ஆளாக இருப்பான்!" என்றேன் நானும், மனப்பூர்வமாக. நாங்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அன்றைக்கு அது ஒன்றுதான். வீட்டை இடித்து மனையைக் காலி செய்து கொடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி நேரே பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லைப் புரட்டினாள். அடியில் உளியால் செதுக்கிய அம்புக்குறி.

"ஏங்க, ஆறு மாசமா உங்க சட்டையெல்லாம் சர்வே கல்லுலயா துவைச்சேன்?"

"மெதுவாப் பேசு."

"சொல்லிடுங்க அவர்கிட்ட."

"சொன்னா வீடு போயிடும். கல் விஷயம் யாருக்கும் தெரியாது. மனைப்பிரிவு போட்டவன் மேல் பழியைப் போட்டுவிடலாம்."

இந்த யோசனையோடுதான் மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கரையான்சாவடி போனேன். கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினேன். நாலு புத்தகம் படித்தவன், மேற்கோளுக்குப் பஞ்சமில்லை. வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"அந்த ஸ்டூலுக்கு வாங்க."

ஸ்டூல் எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஆபீஸ் நாடகங்களில் வேஷம் கட்டியவன் நான். லேத் ஓட்டுகிறவராகவே மாறினேன். "என் குடும்பத்தில் மண்ணை மிதித்தவர்கள்தான் உண்டு, வாங்கியவர்கள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலி போடப் போனால், படித்த முட்டாள் ஒருவன் என் மனையில் வீடு கட்டி வைத்திருக்கிறான். அளந்து பார்த்தேன். எவனோ ஒரு பேமானி கல்லை..."

அங்கே நின்றுவிட்டது.

"மேலே சொல்லுங்க" என்றார் வக்கீல். "நல்லாத்தானே போயிட்டிருந்தது?"

"தண்ணீர் வேண்டும்."

தண்ணீர் வந்தது, குடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு எங்க இருக்கு?"

"என் வீட்டுப் பின்பக்கம். என் மனைவி அதில் துணி துவைக்கிறாள்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ரெண்டு வழி இருக்கு" என்றார். "அந்தக் கல்லை ஏரியில போட்டுட்டு வந்தா கேஸ் நடத்தலாம். இழுத்துக்கிட்டே போகும். ஆனா அதுக்கு வேற வக்கீலைப் பாருங்க. இல்லேன்னா, கல்லைக் கொண்டாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க."

"வீடு போயிடுமா சார்?"

"போகலாம். கல்லைக் கொண்டாங்க."

அந்தச் சனிக்கிழமை மறுபடி கல்லைக் கேரியரில் கட்டி, ஆவடியிலிருந்து கரையான்சாவடி வரை மிதித்தேன். போனமுறை அது இவ்வளவு கனக்கவில்லை. லேத்காரர் எனக்கு முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்லைத் தரையில் வைத்தேன். எங்கே இருந்தது, யார் எடுத்தது, எதற்கு எடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். மனையை மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டேன், பள்ளத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அவர் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தார்.

"சவுக்காரம் வாசனை வருது சார்" என்றார் வக்கீலிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா ஆளுபா? அன்னிக்கி என்கூட சேந்துகினு உன்னையே திட்டிகினு இருந்தியே!"

"அன்றைக்கு எனக்கே தெரியாது."

"இப்போ நீங்க ஸ்டூலுக்கு வாங்க" என்றார் வக்கீல் அவரிடம். "இவர் கேஸைச் சொல்லுங்க."

"இவுருக்கு இன்னா சார் கேஸு கீது?"

"இருக்கறதைச் சொல்லுங்க."

லேத்காரர் சலித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் முதுகு நிமிர்ந்தது, மூக்கு உயர்ந்தது, கையில் இல்லாத பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தவர். எப்படிப் பிடித்தாரோ!

"நான் ஸ்டோர்ஸ் கிளார்க்கு. ஒரு நட்டு கொறஞ்சா கூட ஒருத்தனையும் ஊட்டுக்கு உடமாட்டேன். ஆனா பன்னெண்டு வரிக்கும் எண்ணத் தெரியாது. பள்ளம் பக்கத்து ஊட்டுக்காரனுதுன்னு நெனச்சி, குப்பையெல்லாம் என் மனையிலேயே கொட்டிகினேன்." வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. "மனை பள்ளம்னு எனக்குத் தெரியும். மாத்திக்கலாம் வான்னு கேக்க வாய் கீது, பள்ளத்தைச் சொல்ல வாய் இல்ல. ஆனா ஊட்டை நல்லா கட்னேன். சன்னல் எல்லாம் ஏரி காத்துக்கு வெச்சேன். பத்திரிகை குடுத்துட்டேன். இப்ப இடின்னா..." குரல் இறங்கியது. "இடிச்சா குவார்டர்ஸ்ல எப்டி நடப்பேன்? பொஞ்சாதி மூஞ்ச எப்டி பாப்பேன்?"

எழுந்துவிட்டார். "போதும் சார். எனுக்கே பாவமா கீது."

"இப்போ உங்க நாற்காலிக்கு வாங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். அந்த நேரத்துக்குள் நான் மனசுக்குள் வீட்டை இரண்டு முறை இடித்துவிட்டேன்.

"இடிக்க வாணாம். பன்னெண்டை நான் எட்துக்கறேன். ஆனா பள்ளத்தை இவுரு ஊட்டுத் தரை மட்டத்துக்கு மண்ணைக் கொட்டி ஒசத்திக் குடுக்கணும். கெணறு ரெண்டு ஊட்டுக்கும் பொது. அப்பால அந்தக் கல்லை இவுரே கையால நடணும்."

தலையை ஆட்டினேன், தேவைக்கு அதிகமாகவே.

மனைகளை மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைப் பத்திரத்தை வக்கீலே எழுதினார். எழுதுவதற்கு முன்னால் திருநின்றவூருக்கு ரயிலேறி வந்து, வெயிலில் நின்று, நான் கல்லை நடுவதைப் பார்த்தார். கற்களை மறுபடி எண்ண வேண்டியிருந்தது. எண்ணுவதற்கு நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"நீ சும்மா இரு சார். நான் எண்றேன்" என்றார் லேத்காரர். வக்கீல் ஆட்சேபிக்கவில்லை.

கிரகப்பிரவேசம் சொன்ன நாளில் நடந்தது. வக்கீல் அழைப்பிதழைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் மனை எண் பன்னிரண்டு என்று இருந்ததைப் பேனாவால் அடித்துப் பதின்மூன்று என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்தும் போட்டிருந்தார். லேத்காரர் ஒரு மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வண்டியில் புத்தம்புது துவைக்கிற கல்.

"தங்கச்சிக்கு" என்றார் என் மனைவியிடம். "கடையில வாங்குனதும்மா. ரசீது கூட கீது."

அந்த வருஷ மழையில் பன்னிரண்டாம் மனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவரும் வீடு கட்டினார். அவர் வீட்டு ஜன்னலும் ஏரியைப் பார்த்துத்தான்.

எழுபதுகளின் நடுவில் வக்கீலுக்கு நெஞ்சு பலவீனமாகி, கோர்ட்டுக்குப் போவது நின்றது. பார்க்கப் போனேன். ஆபீஸ் அறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். நாற்காலியில் சட்டப் புத்தகங்கள். ஸ்டூல்மேல் மருந்து பாட்டில். பாட்டிலை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் உதடு கொஞ்சம் விரிந்தது.

"கல்லு இருக்கா?"

"இருக்கு சார். போன வாரம்தான் எண்ணினோம். எல்லாம் சரியா இருக்கு."

"நீங்களா எண்ணினீங்க?"

"இல்லை சார். பக்கத்து வீட்டுக்காரர்."

"அப்போ சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

படம் மாட்டிய அன்று லேத்காரர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது ஆள் பேசி முடித்ததும் என் காதருகே வந்தார்.

"இன்னா சார், நம்ம கேஸை ஒருத்தனும் சொல்லல? நான் போயி ரெண்டு வார்த்த பேசட்டா?"

பாதி எழுந்தேவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். மேடையில் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்திலும் நடுப் பித்தான் இல்லை.

"அப்ப நீயே எழுதிடு சார்" என்றார் லேத்காரர். "ஆனா எத்தினி கல்லுன்னு என்னைக் கேட்டுகினு எழுது."