இடுப்பில் ஒரு கருப்புப் பொருக்கு

திருப்பூரில் டயாலிசிஸ் மெஷின் ஓட்டுகிற எங்களைத் தேடி யாரும் சீக்கிரம் வருவதில்லை. வேறு வழியே இல்லை என்றான பிறகுதான் வருவார்கள். காய்ச்சலோடு ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்கு ஓடியவர்கள்தானே நாம் எல்லோரும்? உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ஷிப்மெண்ட் காய்ச்சல்

பழனிசாமி ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். காய்ச்சல் வந்ததும் வலி ஊசி போட்டுக்கொண்டு மேஜை முன்னால் போய் நின்றுவிட்டார். காய்ச்சல் அடங்கும், மறுபடி ஏறும், மறுபடி ஊசி. எங்களிடம் வந்தபோது முகம் வீங்கி, மூத்திரம் நின்றே போயிருந்தது. அவரைத் தூக்கி வந்த சூப்பர்வைசர் கதவோரம் நின்று தேம்பினார்.

"ஷிப்மெண்ட் போனதும் லீவு எடுத்துக்குங்ணான்னு நாந்தானுங்க சொன்னேன்."

அயர்ன் பாக்ஸ் சுட்ட இடம்

டாக்டர் உடம்பு முழுக்கப் பார்த்தார். இடுப்பில் கருப்பாக ஒரு பொருக்கு. பழனிசாமி அதற்குத் தீப்புண் களிம்பு தடவியிருந்தார். அயர்ன் மாஸ்டர் உடம்பில் சூடு படாத இடம் ஏது? ஆனால் அது புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்த இடம். உண்ணிக் காய்ச்சல், அதுதான் கிட்னியை அடித்திருக்கிறது என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சாதாரண மாத்திரையோடு போயிருக்கும்.

பழனிசாமிக்கு ஊர் காங்கேயம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாக வேலியோரம் மாட்டுக்குப் புல் அறுப்பார்களாம். உண்ணி என்றதும் மனைவி சரசாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க மாட்டு மேல ஒரு உண்ணி காட்டுங்க பாக்கலாம்!"

காபி

மாத்திரையும் மெஷினுமாகப் பழனிசாமிக்கு மூத்திரம் இறங்க ஆரம்பித்தது. அந்தச் சந்தோஷத்தில் சரசா எங்கள் எல்லோருக்கும் காபி வாங்கி வந்தார். டம்ளரை வாங்கும்போது அவர் கை பட்டது, கொதித்தது. என்னங்க இப்படிச் சுடுது என்றேன். சிரித்தார்.

"தூக்கமில்லீங்க, அதான். அவரு எந்திரிச்சுட்டா எனக்கு எல்லாஞ் செரியாயிருமுங்க."

நாடாப் புண்

மூச்சு வாங்கி சரசாவும் சாய்ந்த பிறகுதான் நர்ஸ் பார்த்தார். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் அதே கருப்புப் பொருக்கு. நாடா உரசிய புண் என்று மஞ்சள் வைத்து மூடியிருந்தார். கணவருக்கு ஓடிய அதே மெஷினை அவருக்கும் ஓட்டினேன். கிட்னியோடு நுரையீரலும் கைவிட்டுவிட்டது. காப்பாற்ற முடியவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பழனிசாமி தன் காலால் நடந்தே வீட்டுக்குக் கிளம்பினார். போகும்போது வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ற இடுப்ப இத்தன பேரு பாத்தீங்க. அவ இடுப்ப நான் கூடப் பாக்கலீங்களே."

இப்போதெல்லாம் படுத்திருப்பவரை அப்புறம் பார்க்கலாம் என்று, அவருக்கு இட்லிப் பொட்டலம் பிரித்துக் கொடுக்கிறவரைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறேன். முறைக்கிறார்கள், முறைத்துவிட்டுப் போகட்டும்.