கூடைக்கு இடப்பக்கம்

கவிதா அக்கா என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் முதலில் கவனித்தது அதைத்தான். எங்கள் கூடைப்பந்து அணியின் கேப்டன் அவர். நான் குள்ளம் என்பதால் எப்போதும் ‘குட்ட’ என்றுதான் அழைப்பார். பொத்தேரியில் ஒரு விடுதிச் சமையலறையில், போனைத் தோளில் இடுக்கியபடி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்கா காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சொன்னார். பேச்சு முடிந்த பிறகும் நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஸ்டெல்லா அக்காவைத் தெரியாதவர் கிடையாது. கூடுவாஞ்சேரியில் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு, காக்கிச் சட்டையோடே செங்கல்பட்டு மைதானத்துக்கு வந்து இறங்குவார். பழைய அணியில் தேவகி அக்கா முன்னே நின்று தடுக்க, அவருக்குப் பின்னால் கூடையைக் காத்தவர். தேவகி அக்கா திருமணமாகி வேறு ஊருக்குப் போனதும் முன்னே நிற்கும் இடம் எனக்கு வந்தது. எனக்குப் பின்னாலும் ஸ்டெல்லா அக்காதான் நின்றார்.

வேலியோரம் நின்று ஆட்டம் பார்க்கும் பெரியவர்கள் என்னைத் தேவகி அக்காவோடு ஒப்பிடாத நாள் கிடையாது. அவர் இருந்த காலத்தில் ஒருத்திகூட உள்ளே நுழைந்ததில்லை என்பார்கள். ஒருநாள் ஸ்டெல்லா அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“அப்பவும் பாயிண்ட் போய்கினுதான் இருந்துச்சு அண்ணாத்த. நீ டீ குடிக்கப் போயிருப்ப.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தேவகிக்குக் கை நீளம். ஆள நிறுத்திடுவா. பின்னாடி எனக்குக் கொட்டாவி வரும். உனக்கு நிறுத்த வராது, திருப்பத்தான் வரும். இடப்பக்கம் திருப்பி வுடு. அங்க நான் கீறேன்.”

தேவகி அக்காவின் முதுகையும் என் முதுகையும் பார்த்து ஆடியவர் அவர் ஒருவர்தான். அதனால் அந்த ஒப்பீட்டை மட்டும் நம்பினேன். அதன்பின் ஆட்டத்தில் நான் பின்னால் திரும்பிப் பார்த்ததே இல்லை.

அவரை அடக்கம் செய்த பிறகு மாமல்லபுரத்தில் எங்களுக்கு ஓர் ஆட்டம். எதிரணிப் பெண் பந்தோடு வந்தாள். இடப்பக்கம் திருப்பினேன். பின்னால் ஸ்டெல்லா அக்காவின் ஷூ தரையில் உரசும் சத்தம் கேட்டது. உண்மையாகவே கேட்டது. திரும்பினால், தடுக்க ஆளில்லாமல் அந்தப் பெண் நிதானமாகப் பந்தைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த முறையும் அதையே செய்தேன். அடுத்த முறையும் சத்தம் கேட்டது. கூடாதென்று தெரிந்தும் என் கால்கள் அவளை அந்தப் பக்கமே அனுப்பின.

இடைவேளையில் கவிதா அக்கா என்னைத் தனியே அழைத்தார். “அங்க யாரும் இல்ல, குட்ட. யார்கிட்ட அனுப்பிக்கினு கீற? இன்னொரு தபா வுட்டா நீ வெளியதான் உக்காருவ.” அவர் கண்ணும் சிவந்திருந்தது.

பள்ளியை விட்டபின் எனக்கென்று இருப்பது இந்த அணி மட்டும்தான். தேவகி அக்காவின் கை எனக்கு ஒருபோதும் வராது. ஸ்டெல்லா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, ஒருத்தியை நம்பி இன்னொருத்தி ஆளைத் திருப்பிவிடலாம் என்ற தைரியமும், கூடைக்கு இடப்பக்கத்துக் காலி இடமும்.

விசில் ஊதினார்கள். கவிதா அக்காவை முன்னே நிற்கச் சொன்னேன். நான் அந்தக் காலி இடத்தில் போய் நின்றேன்.