செபஸ்தியானின் வலது கை

அன்பானவர்களே, ஒன்பது நாட்கள் ஒரு மனிதருக்குச் சோறூட்ட முயன்று தோற்றேன். பத்தாம் நாள் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கண்டியில் நான் கிளார்க்காக இருந்த அச்சகம் மூடப்பட்டது. நாற்பத்தாறு வயதில், வத்தேகமவுக்கு அருகே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் பராமரிப்பாளனாகச் சேர்ந்தேன். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை அது. அன்றுதான் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து செபஸ்தியானும் வந்தார். முப்பத்து நான்கு வயது. பேச்சு இல்லை, கைகால் அவர் சொல் கேட்காது. அதுவரை ஊட்டி வளர்த்த தாய் அந்த மாதம்தான் இறந்திருந்தார்.

அவரை என்னிடம் ஒப்படைத்தார்கள். நேரம் தவறாமல் கதிரையில் உட்கார வைப்பேன். அவருக்கும் சேர்த்து நானே சிலுவை போட்டு, செபம் சொல்லி, கரண்டியை நீட்டுவேன். உடனே அவர் வலது கை எழும்பித் தட்டிவிடும். கையைப் பிடித்துக் கீழே வைப்பேன். வாயை இறுக மூடிக்கொள்வார். யார் ஊட்டினாலும் இதே கதைதான். சில மிடறு பால் மட்டுமே இறங்கியது.

ஒவ்வொரு தடவையும் கொப்பியில் நேரத்தோடு குறித்தேன்: "கையால் தட்டுகிறார். மறுக்கிறார்."

"எழுதி எழுதி என்னா சார் கண்டீங்க? கொப்பிதான் கொழுக்குது, அந்தப் புள்ள எளச்சுப் போறாரே!" என்றார் சமையலறை மல்லிகா அக்கா. எனக்குக் கோபம் வந்தது. சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, டாக்டர் செபஸ்தியானின் விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தார். "வியாழனுக்குள்ள சாப்பிடாட்டி மூக்கால டியூப் போடத்தான் வேணும்."

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் செபமாலை சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் எத்தனையாவது மணி என்பதே மறந்துபோனது. என் கையில் ஒரு மனிதர் பட்டினியாகச் சாகிறார் என்ற எண்ணம் மட்டுமே இருந்தது.

புதன் மதியம். கை மறுபடி தட்டியது. சோறு என் சட்டையெல்லாம் சிந்தியது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அவர் முன்னாலேயே அழுதேன்.

"ஆண்டவரே, எனக்குத் தெரியல. நீங்களே பார்த்துக்கங்க."

வேறு செபம் சொல்லத் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவர் கை எழும்பியது. இந்த முறை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. நடுங்கியபடி முகத்துக்கு நேரே வந்தது; அங்கே கரண்டி இல்லை. மேலே போய் நெற்றியைத் தொட்டது. பிறகு நெஞ்சுக்கு இறங்கியது. இடது தோள். வழியில் இரண்டு முறை நழுவி, மறுபடி ஏறியது. கடைசியாக வலது தோள்.

மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. பிறகு செபஸ்தியான் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"சிஸ்டர், ஓடி வாங்க! சாப்புடுறாரு!" என்று மல்லிகா அக்கா கத்தியது வாசல்வரை கேட்டிருக்கும்.

அவர் தானே சிலுவை போட்டு முடிக்கும்வரை தாய் காத்திருந்த மூன்று நிமிடம். நானோ அந்த மனிதரின் செபத்தை ஒன்பது நாட்கள் பிடித்துக் கீழே வைத்திருக்கிறேன்.

டியூப் போடவில்லை. கொப்பியின் பழைய வரிகளை நான் அடிக்கவுமில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் "பிழை என்னுடையது" என்று எழுதினேன். இன்று யாருக்கு ஊட்டினாலும் முதலில் காத்திருக்கிறேன். இந்த வேலையை எனக்குத் தந்தவருக்கு நன்றி.

சோர்ந்திருப்பவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டபின் கையிலிருக்கும் கரண்டியைச் சற்றுக் கீழே வையுங்கள்.