கரும்பலகைக் கடிதம்
இன்று புத்தூர் ஆஸ்பத்திரியில் பினாயில் நெடி அடித்ததும், நான் சிறுவயதில் தங்கிப் படித்த மிஷன் போர்டிங் நினைவுக்கு வந்தது. அதை இடித்துவிட்டார்கள், நல்லதுதான். ஈரச் சுவரும் புழுத்த கோதுமைக் கஞ்சியும் பிரம்புச் சத்தமுமாக இருந்த அந்த இடத்தில், ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் வார்டன் சாமியார் கரும்பலகையில் 'நான் சுகம், வயிறாரச் சாப்பிடுகிறேன்' என்று எழுதுவார், நாங்கள் எல்லாரும் அதையே தபால் கார்டில் எழுதி வீட்டுக்கு அனுப்புவோம். ஒருமுறை நான் 'பசிக்கிறது' என்று சேர்த்தேன்.

"அப்பனை வரவழைக்கப் பாக்குறியாடா?" என்று கார்டைக் கிழித்துப்போட்டு விளாசினார்.

லீவுக்கு எங்கள் ஊர் முசிறிக்குப் போனதும், இனி அங்கே போகமாட்டேன் என்று அப்பாவின் காலைப் பிடித்து அழுதேன். அவர் கம்பியில் குத்திவைத்திருந்த கார்டுகளை உருவிக் காட்டினார்.

"பொய் சொல்லாதடா. வாரா வாரம் நல்லா இருக்கேன்னு நீதானே எழுதுன?"

கையெழுத்து என்னுடையதுதான். மறுநாள் பஸ் ஏற்றிவிட்டார்.