எண்ணெய் ஊறும் கார்

காது மிஷின் அக்கா என்றால் அந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாத மீதிப் பேருக்கு இன்னும் காது நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம்.

கடையில் உட்கார்ந்து விற்கிற வேலை இல்லை அவளுடையது. வாங்கியவர்களின் வீட்டுக்கே போய், மிஷினைத் துடைத்து, அழுக்கெடுத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, "இப்ப கேக்குதா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுவிட்டு வருவது. அந்தத் தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு கட்டளைதான். பேட்டரியைக் கழற்றாமல் எதையும் திறக்கக் கூடாது. ஓடுகிற எதிலும் கை வைக்கக் கூடாது. இருபது வருடத்தில் ஒரு நாளும் அவள் அதை மீறியதில்லை. இத்தனை கூத்துக்கும் அந்த ஒழுக்கம்தான் காரணம் என்றால் யார் நம்புவார்கள்?

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவள் இடது கால் மெலிந்துபோனது. நடப்பாள், மெதுவாகப் படியும் ஏறுவாள். ஆனால் அந்தக் காலால் எதையும் அழுத்த முடியாது. பள்ளிக்கூடத்துக்கு அவளை சைக்கிளில் உட்கார வைத்து மிதித்தவன், அவளைவிட இரண்டு வயது சின்னவனான தம்பி. பிறகு கல்லூரிக்கு, பிறகு வேலைக்கு, பிறகு வீடு வீடாக. தன் கல்யாணத்தன்று விருந்தாளிகளைக் காக்க வைத்துவிட்டு, புதுச் சட்டை கசங்க அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனவன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் உறுத்தியது. திட்டியிருந்தால் திருப்பியாவது திட்டியிருக்கலாம்.

நாற்பத்து நாலாவது வயதில் லைசென்ஸ் எடுத்தாள். கிளட்ச் இல்லாத கார் ஒன்றைத் தம்பியே தேடிப் பிடித்தான். பதினாறு வயதான வண்டி, இரண்டு கை மாறி வந்தது, ஆட்டோமேட்டிக். இடது காலுக்கு அதில் வேலையே கிடையாது. முதல் நாள் தனியாகப் போனபோது அவள் வேண்டுமென்றே நாலு தெரு சுற்றிப் போனாள். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க வண்டிக்குள் ஒருவரும் இல்லை. அந்தச் சந்தோஷத்தை வெளியில் சொன்னால் தம்பி மனசு நோகும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் ஆரம்பித்தது கோளாறு.

விற்றவர் வண்டியைக் கொடுக்கும்போது ஒன்று சொல்லியிருந்தார். "கியர்பாக்ஸ் ஆயிலை அப்பப்போ பாத்துக்கங்க. குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து." அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை நிறுத்தி, சாவியை உருவி, பானெட்டைத் திறந்து அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தாள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. பதறிப்போய், தொழிலுக்கு வைத்திருந்த பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி, கோட்டுக்கு வரும்வரை உறிஞ்சி எடுத்தாள். ஒரு பாட்டில் வந்தது. சிவப்பாக, சுத்தமாக இருந்ததால் கொட்ட மனம் வராமல் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு நொடி செத்துப் பிழைத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் கத்துகிறது, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ரிவர்ஸ் போட்டால் யோசித்து யோசித்துப் பின்வாங்குகிறது. செவ்வாயும் அப்படியே. வியாழக்கிழமை பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது.

அடுத்த ஞாயிறு கம்பியை எடுத்தாள். எண்ணெய் மறுபடியும் மேல்கோட்டுக்கு மேலே. மறுபடியும் ஒரு பாட்டில்.

இப்படியே ஆறு வாரம். நோயாளிகளுக்குப் போடுகிற மாதிரி வண்டிக்கும் ஒரு நோட்டுப் போட்டாள். வாரத்தின் முதல் பாதியில் கோளாறு, பின் பாதியில் நல்ல பிள்ளை. திங்கட்கிழமைக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையைக் குடைந்தாள். வெயிலா, போகிற ரோடா, பெட்ரோல் போடுகிற இடமா? எதுவும் பொருந்தவில்லை. அவளுக்கு லீவு கிடைப்பது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், அவர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்பார். அந்தக் கேள்வியில் வண்டியைவிட அவளைப் பற்றிய சந்தேகம்தான் அதிகம்.

பக்கத்திலேயே மெக்கானிக் இருக்க ஊரின் மறுகோடிக்குப் போனது தம்பிக்குத் தெரியக் கூடாது என்றுதான். தெரிந்தால் அவன் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டான். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நிற்பான். அவள் பின்னால் ஏறி உட்கார வேண்டியதுதான்.

தம்பி ஓர் அலுவலகத்து வேன் ஓட்டுகிறவன். புதன்கிழமை சாயந்திரம் வந்து, வண்டியைக் கழுவித் தருகிறேன் என்று எடுத்துப் போவான். திரும்பக் கொடுக்கும்போது எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பான்.

"வண்டி எப்படிக்கா போகுது?"

"ஜம்முனு போகுது. அதுக்கென்ன?"

ஏழாவது திங்கட்கிழமை அது ஜம்மென்று போகவில்லை. மேட்டுத் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் மூன்று நாளாகக் காது கேட்காமல் அவளுக்காகக் காத்திருந்தார். மேட்டில் பாதி ஏறியதும் என்ஜின் அலறியது, வண்டி நின்றது, பிறகு மெல்லப் பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஹாரன் அடித்தவன் இறங்கி வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரமாக விட உதவினான். போனில் தம்பியின் நம்பரைத் தொட்ட விரலை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

மெக்கானிக் வந்ததும் வண்டியைச் சமதளத்துக்கு இறக்கி, என்ஜினை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவினார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன சார், ஓடும்போது கை வைக்கிறீங்க?"

"இதை ஓடும்போதுதாம்மா பாக்கணும். நிறுத்திட்டா மேல இருக்கிற ஆயில் எல்லாம் கீழ இறங்கிடும். நிறைய இருக்கிற மாதிரி காட்டும்." கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் சிவப்பு. "பாருங்க, ஒரு பாட்டில் குறையுது. அப்புறம் எப்படி மேடு ஏறும்?"

அவளுக்கு முகம் சுட்டது. ஆறு வாரத்துக் கதையையும் சொன்னாள். மெக்கானிக் சிரிப்பை அடக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். எண்ணெயை முகர்ந்து பார்த்து, கருகிய வாடை இல்லை, கியர்பாக்ஸ் தப்பித்தது என்றார். ஊற்ற வேண்டியதை ஊற்றினார்.

"சரி, நான் எடுத்தேன். ஒத்துக்கறேன். வாரா வாரம் அது எப்படி சார் திரும்ப நிறையுது?"

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார், எழுந்தார், தலையைச் சொறிந்தார். "எந்த வண்டியும் ஆயில் சுரக்காதும்மா. யாரோ ஊத்துறாங்க."

வண்டி அவள் கையை விட்டுப் போவது புதன்கிழமை சாயந்திரம் மட்டும்தான், அதுவும் தம்பியிடம்.

அவன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குக் கோபம் பொங்கியது. கூடினாலும் ஆபத்து என்று விற்றவர் சொன்னபோது இவனும் பக்கத்தில்தானே நின்றான்? வண்டியைக் கெடுத்து அவளை மறுபடி பின் சீட்டில் உட்கார வைக்கப் பார்க்கிறானா? முப்பது வருடப் பழக்கத்தை விட முடியவில்லையா? கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று கூசியது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

தம்பி அன்று மத்தியான ஷிப்ட். உள்கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"உனக்கு யார் சொன்னா?"

"அப்ப நீதான்."

"ஓடவிட்டுப் பாத்தேன்க்கா, குறைவா இருந்துச்சு. வாரா வாரம் குறையுது. அடியில அட்டை விரிச்சு வெச்சேன், ஒரு சொட்டு இல்ல. எங்க போகுதுன்னே தெரியல. ஆறு டப்பா ஊத்திட்டேன்."

"அது எங்க வீட்டுத் தொட்டிக்கடியில இருக்கு. நேத்து எடுத்ததோட ஏழு பாட்டில்."

அவன் முழித்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. பிறகு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பயந்து சாவியக் குடுத்துடுவே."

"குடுத்தா உனக்கு நல்லதுதானே? பழையபடி நீயே கூட்டிட்டுப் போகலாம்."

அவன் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

"தப்பா எடுத்துக்காதக்கா. இந்த மூணு நாலு மாசமாத்தான் காலையில நான் உக்காந்து காப்பி குடிக்கிறேன்."

அவளுக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. அதே சமயம் பல வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒன்றை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. அழுவதா சிரிப்பதா என்று புரியாமல், "வாத்தியார் காத்துக்கிட்டு இருப்பார்" என்று மட்டும் சொல்லி எழுந்தாள்.

"மேட்டுத் தெருவா?"

"ம்."

சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து, பழக்கத்தில் ஒரு கணம் நின்றாள். நான் வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, ஆறிப்போன காப்பியை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தான்.